மஞ்சள் சீட்டில் ஒரு கத்தரிக்காய்

எங்கள் ஏரிமேட்டூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தே ஓட்டுச் சீட்டின் நிறத்தைச் சொல்லிவிடுவார்கள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாலும் பாதிப் பேர் தடுமாறுவார்கள். ஆனால் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய நான், எந்தத் தேர்தலிலும் தப்பான இடத்தில் குத்தியதில்லை. அதை மட்டும் அப்படியே நம்பலாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணகியின் கதைக்கு வர வேண்டும்.

திருமானூரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியை. அதற்கடியில் நிற்கும் கண்ணகியை அடுத்ததாகப் பார்ப்பார்கள். ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தாள். தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்காமல் காலையில் டீ குடிக்க மாட்டாள். தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது போன் செய்தால், எத்தனையாவது கம்பம் என்பதை அவளே சொல்வாள். அவளால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஓடைப் பாலம்.

ஊருக்கும் பஸ் வரும் சாலைக்கும் நடுவில் அந்த ஓடை கிடக்கிறது. சித்திரையில் ஆடு மேயும். ஐப்பசியில் கொள்ளிடமே வழி தெரியாமல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒருமுறை என் குடையை அடித்துக்கொண்டு போய்விட்டது, மூன்றாம் நாள் அது கடலில் மீன்பிடிப் படகு ஒன்றுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. குடை போகட்டும். கண்ணகியின் நாத்தனார் மகள் புவனேஸ்வரி பிரசவ வலியோடு இந்தக் கரையில் நின்றாள், ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்றது. டிராக்டரில் ஏற்றிப் பதினாலு கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோனார்கள். குழந்தை வழியிலேயே பிறந்துவிட்டது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். டிராக்டர் சத்தம் கேட்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும் என்பது தவிர வேறு குறை இல்லை.

கண்ணகி மனு மேல் மனு கொடுத்தாள். ஓடை இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் வருகிறது, மாவட்ட அளவில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. அதைப் படித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப மாவட்டத்துக்கே போயிட வேண்டியதுதான்" என்றாள்.

மறுபடி தலைவருக்கு நின்றிருந்தால் அவளை எதிர்த்து நிற்க ஆளே கிடையாது. அதை விட்டுவிட்டு மாவட்ட ஊராட்சி உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக மனு போட்டாள். தோற்றால் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, பாலமும் இல்லை. எதிரே நின்றவர் ஜெயசீலன். பெரிய கட்சி, நாலு கார், முன்னால் ஒரு மேளம். கண்ணகிக்கு அவள் வீட்டுக்காரரின் பழைய மொபெட். முப்பது ஊரையும் அதிலேயே சுற்றினாள்.

ஜெயசீலன் எங்கள் தெருவுக்கும் வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவைத் தொட்டியோடு விட்டுவிடுங்கள், மாவட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மைக்கில் சொன்னார். கண்ணகி அங்கேதான் நின்றிருந்தாள்.

"அண்ணே, ஓடையச் சுத்திக்கிட்டுத்தானே வந்தீங்க? எத்தினி கிலோமீட்டர்னு டிரைவரக் கேட்டுட்டு அப்பறம் பேசுங்க" என்றாள். மேளக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

வெளியூர்களில் இரண்டு பேருக்கும் சரிக்குச் சரி என்று பேச்சு. சொந்த ஊர் ஓட்டுதான் கண்ணகியைத் தூக்கிவிட வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு வரை.

அன்றைக்குக் கண்ணகியும் நானும் மேட்டுத் தெருவில் சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவளுக்கு என் வயது, வாய் மட்டும் என்னைவிட நீளம். "ஏன்டி வெயில்ல அலையுற? நீ வராட்டியும் பூட்டு சாவியிலதான் குத்தப்போறேன். போயி சோத்தத் தின்னுட்டுப் படு" என்றாள்.

கண்ணகி அப்படியே நின்றுவிட்டாள். போன தேர்தலில் அவள் சின்னம் பூட்டு சாவி. அது தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டு. இந்த முறை அவள் பெயர் இருப்பது மஞ்சள் சீட்டில், சின்னம் கத்தரிக்காய். ஓட்டுப் போடப் போனால் வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று நாலு நிறத்தில் நாலு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். இளஞ்சிவப்பில் பூட்டு சாவி இந்தத் தடவையும் இருந்தது. ஆனால் அது பஞ்சர் கடை அரியமுத்துவின் சின்னம். கூட்டாளிகள் உசுப்பேற்றியதற்காக மனு போட்ட ஆள் அவன்.

உடனே அந்தத் தெருவில் இருபது வீடு ஏறிக் கேட்டோம். பதினேழு வீட்டில், "ஒனக்குத்தான், பூட்டுலதான்" என்றார்கள். அத்தனை பாசமும் தப்பான சீட்டில் போய் விழக் காத்திருந்தது.

கண்ணகி புலம்பவில்லை. சின்னப்பிள்ளை வீட்டுக்கே திரும்பி வந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசத்தில்தான் எனக்கு யோசனை உதித்தது. சட்டிக்குள் என்ன என்று கேட்டேன். மஞ்சளும் கத்தரிக்காயும் என்று பதில் வந்தது. கண்ணகி அதைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பாலம் என்று எதையும் அவள் பேசவில்லை. வாசலில் நின்று, "கொழம்பு வைக்கிற மாதிரிதான் அத்தை. மஞ்சள எடுங்க, கத்தரிக்காயப் போடுங்க" என்பாள். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். மூன்று நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. ஆண்களுக்குச் சோறு போடும்போதே பெண்கள் பாடம் எடுத்தார்கள். அரியமுத்துகூடக் கடை வாசலில் நின்று, "பூட்டுல குத்திடாதீங்க, அது நானு" என்று பயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓட்டு எண்ணும் அன்று எங்கள் ஊரின் இளஞ்சிவப்புச் சீட்டுகளை முதலில் எண்ணினார்கள். அரியமுத்து முந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் தலைவராகிவிட்டான். சேதி கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணகி மஞ்சள் சீட்டு எண்ணும் மேசைப் பக்கம் போய் நின்றாள். பூட்டுக்கு இவ்வளவு விழுந்திருக்கிறது என்றால் கத்தரிக்காய்க்கு என்ன மிச்சம் இருக்கும்?

மஞ்சள் சீட்டில் மற்ற ஊர்களெல்லாம் முடிந்தபோது அவள் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு பின்னால் இருந்தாள். கடைசியாக எங்கள் ஊர்க் கட்டைப் பிரித்தார்கள். ஜெயசீலனுக்கு நாற்பத்தெட்டு. கண்ணகிக்கு அறுநூற்று ஐம்பத்தைந்து. ஊர்க்காரர்கள் மஞ்சளில் கத்தரிக்காயைக் குத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பில் பூட்டையும் குத்தியிருக்கிறார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்தில் கண்ணகி ஜெயித்தாள். இதில் ஒன்றுகூட நான் கூட்டவில்லை.

அரியமுத்து அவளிடம் ஓடி வந்தான். "அக்கா, எனக்குப் பஞ்சர் ஒட்டத்தான் தெரியும்."

"எங்க ஓட்டைன்னு தேடிப் புடிக்கத் தெரியுமில்ல, அது போதும். உன்னோட மொதத் தீர்மானம் பாலம். நீ கையெழுத்தப் போடு, அங்க நான் பேசிக்கிறேன்."

போட்டான். பேசினாள். இன்றைக்கு ஓடையில் இரண்டு தூண்கள் என் உயரத்துக்கு நிற்கின்றன.

இவ்வளவையும் எழுதி முடித்துச் சின்னப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கடைசி வரை கேட்டாள். பிறகு காம்பைத் தூக்கி முறத்துக்கு வெளியே போட்டாள்.

"எல்லாஞ் சரிதான் டீச்சரம்மா. கொழம்பு யோசனையச் சொன்னது நானு. நீங்க சட்டியத் தொறந்து உப்புப் பாத்தீங்க, அவ்வளவுதான். அப்பறம், ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்து, 'அடியே, என் கை தன்னால பூட்டுக்குப் போயிடுச்சு, யாருகிட்டயும் சொல்லிப்புடாத'ன்னு எங்கிட்ட சொன்னீங்களே, அத எழுதல."