புதையல் கதையின் கடைசித் தாளைத் தேடித் திருத்தணிக்கு

யுத்த காலத்தில் காரணமில்லாமல் ரயில் ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சிநேகிதி வனஜாவின் அப்பா ரயில்வேயில் கார்டு. அவருக்குக் குந்தக்கல்லுக்கு மாற்றலாகிவிட்டது. ஊரை விட்டுப் போகுமுன் தணிகை மலைக்கு வருவதாக வனஜாவின் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். போன கிருத்திகையன்று என்னையும் அழைத்துப் போனார்கள்.

எங்கள் இருவருக்கும் வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் ஒருவரே எழுதிய ஐந்து சிறுவர் நாவல்கள் இருக்கின்றன. ஒன்று துப்பறியும் கதை, ஒன்று ராஜா கதை, ஒன்று பேசும் ஆடுகளின் கதை, ஒன்று பேய்க் கதை. ஐந்தும் திருத்தணிச் சீமையிலேயே நடக்கின்றன. ஐந்திலும் ஓயாத வெயில். பேய்கூட உச்சிப் பொழுதில்தான் வரும்! ஐந்தாவது, புதையல் கதை. அதில் பொன்னி என்ற பெண் சுனைக்குப் பக்கத்துக் குகைக்குள் போகிறாள், கைவிளக்கு அணைந்துவிடுகிறது. அதற்கு மேல் எங்கள் பிரதியில் தாள் இல்லை. பொன்னி வெளியே வந்தாளா என்று தெரியாமல் ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று வனஜா அழுதாள். குகையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று தேற்றி வைத்திருந்தேன்.

எங்கள் ஊரான அரக்கோணத்திலிருந்து எட்டு மைல்தான். காலை ஆறரை மணி வண்டியில் ஏறினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். ஜன்னலில் குன்றுகள் ஒவ்வொன்றாக வந்து நின்று விலகின. எந்தக் குன்றில் ஆடுகள் பேசின, எதில் ராஜா ஒளிந்திருந்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பாதி விழிப்பில் காணும் கனவு போல இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஜட்கா, ஆளுக்கு ஓரணா. வழியில் நந்தியாறு மணலாய்க் கிடந்தது. துப்பறியும் கதையில் வரும் திருடன் எந்த இடத்தில் ஆற்றைத் தாண்டினான் என்று வண்டிக்காரரிடம் கேட்டேன்.

“எந்தத் திருடன் பாப்பா? நானுந்தான் தெனம் தாண்டிகினு கீறேன். என்னெப் புடிச்சுக் குடுத்துடாதே, குதிரைக்குப் புல்லு போட ஆளில்லே” என்றார். வனஜாவின் அம்மா சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

படிகளில் ஏற ஏற ஊர் சிறிதாகிக்கொண்டே போனது. காவடிகளின் மயிற்பீலிகள் வெயிலில் நீலமும் பச்சையுமாக அசைந்தன. மேலே ஓர் அம்மாள் திருநீற்றுப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார். வனஜாவின் அம்மா ஒன்று வாங்கினார். அதை மடித்திருந்த அச்சுத் தாளில் ‘பொன்னி’ என்ற பெயரைப் பார்த்ததும் வனஜா என் கையைக் கிள்ளிவிட்டாள். திருநீற்றை வாழையிலைத் துண்டுக்கு மாற்றிவிட்டு இருவரும் படித்தோம். பொன்னி இன்னும் இருட்டில் தடவிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த தாள் இருக்கிறதா அம்மா?” என்றேன்.

“ஒரு தாளுதான் மீதி கீந்தது. சந்தையில எடைக்கு எடுத்த புக்கு. இப்போதான் ஒருத்தருக்கு மடிச்சிக் குடுத்தேன். மஞ்ச வேட்டி கட்டிகினு உள்ள போனாரு, பாருங்க.”

கிருத்திகையன்று மலையில் மஞ்சள் வேட்டி கட்டாதவர் யார்? ஒவ்வொருவரிடமாகப் போய், பொட்டலத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். நாங்கள் திருநீறு கேட்பதாக நினைத்து ஒவ்வொருவரும் எங்கள் நெற்றியில் பூசிவிட்டார்கள். சிறிது நேரத்தில் எங்கள் இருவர் முகத்திலும் கண் மட்டுந்தான் தெரிந்தது.

சந்நிதியிலிருந்து வந்த ஒருவர் கையில் அந்தத் தாள் பொட்டலமாக இருந்தது. பிரித்துக் காட்டும்படி கேட்டோம். அவர் அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர். “இது சாமி பாதத்துல வெச்சது. ஊட்டுல புள்ளைக்குக் காய்ச்சல், பத்து நாளா கண்ணே தொறக்கல. அது நெத்தியில பூசத்தான் மொதல்ல பிரிக்கணும்” என்றார். எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். சாமி பாதத்தில் வைத்ததை வழியில் பிரித்தால் வேண்டுதல் பலிக்காது என்பார்கள்.

வனஜா அழவில்லை. “பிரிக்க வேண்டாம். வெளியே தெரிகிறதை மட்டும் படித்துக்கொள்ளட்டுமா?” என்றாள்.

அவர் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வனஜா உரக்கப் படித்தாள். பாறை இடுக்கில் வெளிச்சம், பொன்னி தவழ்ந்து வருகிறாள், முகத்தில் வெயில் படுகிறது, எதிரே நிற்பவரைப் பார்த்து, “நீங்களா?” என்கிறாள். மீதி மடிப்புக்கு உள்ளே இருந்தது.

அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். “அவ்ளோ ஆசையா? பிரிக்கட்டுமாம்மா?” என்றார். அவர் விரல் மடிப்பின் மேல் போயிற்று.

வனஜா அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாங்க, வேண்டாம்.”

“அந்தப் பொண்ணு வெளியே வந்துடுச்சில்ல?”

“ஆங், வந்துட்டா.”

“அப்போ சரி. எம்புள்ளையும் ஏந்திருச்சிடும்” என்று பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார். குகையைத் தேட எங்களுக்கு அப்புறம் தோன்றவேயில்லை. திங்கட்கிழமை வனஜா குந்தக்கல்லுக்குப் போய்விட்டாள். அழாமல்தான் போனாள்.

திருத்தணிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உச்சிப் பொழுதுக்குள் இறங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் படிக்கல் காலைப் பொசுக்கிவிடும். கட்டுச்சோறு கொண்டு போங்கள், குரங்கு பார்க்கும்படி பிரிக்காதீர்கள். பொட்டலத் தாளைப் படிக்காமல் எறியாதீர்கள். திரும்பும்போது உங்களில் யாராவது அம்மையார்குப்பம் பக்கம் போனால், காய்ச்சலில் படுத்திருந்த நெசவாளர் வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளின் மடிப்புக்குள் என்ன இருந்தது என்பதை அதற்கப்புறம் எழுதினால் போதும்.