மூச்சை அடக்கச் சொல்லும் காசியானோ

"மூச்சு... அடக்கு!" என்று தோன் காசியானோ கத்துவார். கத்திவிட்டுத் தானும் அடக்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் காமிரா கண்ணுக்குப் போகும். லென்ஸின் வளையத்தை ஒரு பக்கம் திருகுவார். திருப்தி வராது, எதிர்ப்பக்கம் திருகுவார். ஓரடி பின்னால் போவார். அங்கே நாய் படுத்திருந்தால் திரும்பிப் பார்க்காமலே தாண்டுவார். இதற்குள் மாப்பிள்ளையின் முகம் சிவந்து, நீலம் பாரிக்கத் தொடங்கியிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கல்யாண வீடு முழுவதும் சேர்ந்து மூச்சு விடும்போது வாசலில் கட்டிய காகிதத் தோரணம் ஒருமுறை எழுந்து அடங்கும்.

எதிரில் நிற்பவர்கள் மூச்சு விட்டால் காமிரா ஆடிவிடும் என்பது அவருடைய கணிப்பு. அவர் ஞானமகள் நெலிதா பிறந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். அவளுடைய ஞானஸ்நானம், முதல் முடியிறக்கம், பதினைந்தாம் பிறந்தநாள் என்று எந்தப் படத்தை எடுத்தாலும் அதில் யாரும் சிரிப்பதில்லை. எல்லாருக்கும் கன்னம் உப்பியிருக்கும். பொலிவியாவுக்குக் கடல் கிடையாது. ஆனால் கடற்படை உண்டு. அதில் சேரப் போன இந்த மோயேபம்பா ஊர்ப் பையன் ஒருவனை ஏரியில் முங்கச் சொன்னார்களாம். வெகுநேரம் ஆகியும் அவன் மேலே வரவில்லை. பயிற்சி கொடுத்த அதிகாரி பதறிப்போய்க் குதித்து இழுத்துப் போட்டால், "இன்னும் டக்குனு சத்தம் வரலியே ஐயா" என்றானாம்.

காசியானோவின் தொழில் மண்ணெண்ணெய் அடுப்பு ரிப்பேர். ஆள் குள்ளம், தோள் மட்டும் அகலம். கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. அவர் எடுத்த படங்களிலும் அதே வாடை. புவனோஸ் ஐரிஸில் கொத்து வேலை பார்த்துவிட்டு வந்த மச்சான் ஒருவனிடம் தையல் மிஷினைக் கொடுத்து இந்தக் காமிராவை வாங்கினார். அந்த வகையில் இருப்பதிலேயே அடிமட்ட ரகம். ஆனாலும் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். அவரிடம் இருப்பது ஒரே லென்ஸ். அதனால் என்ன? விசேஷ வீடுகளில் எல்லாரும் பார்க்க அதைக் கழற்றுவார், உள்ளே ஊதுவார், அதையே திரும்ப மாட்டுவார். "இப்ப முகத்துக்கு மாத்திட்டேன்" என்பார். கூட்டம் தலையாட்டும்.

கார்னிவல் செவ்வாயன்று ஊரில் எல்லாரும் அவரவர் பிழைப்புக்கு உதவுகிற பொருளுக்குச் சோளக்கள் ஊற்றி, வண்ணக் காகிதப் பொட்டுகள் தூவி மரியாதை செய்வார்கள். லாரிக்கு உண்டு, ஏருக்கு உண்டு, கசாப்புக் கத்திக்கு உண்டு. காமிரா வந்த வருஷம் காசியானோவும் செய்தார். மேலே மட்டும் ஊற்றினால் பூமித் தாய்க்கு அரைகுறை மரியாதை ஆகிவிடும் என்று காமிராவின் பின்கதவைத் திறந்து உள்ளேயும் ஊற்றினார். பக்கத்தில் வைத்திருந்த விளக்கப் புத்தகமும் பங்கு குடித்தது. அது காய்ந்தபோது, ஃபிலிம் மாட்டுவது எப்படி என்று சொல்லும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இன்றுவரை பிரியவில்லை.

காகிதப் பொட்டு ஒன்று ஃபிலிம் பதியும் சதுரத்தின் ஓரத்தில் ஒட்டி அங்கேயே குடியிருக்கிறது. கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாது. படமாகி வரும்போதுதான் மேலே வலப்பக்க மூலையில் கரிய வட்டமாக எழும். ஊர்க்காரர்கள் அதைக் கருநிலா என்கிறார்கள். ஒரு படத்தில் கருநிலா இல்லையென்றால் அது வெளியூரில் எடுத்தது, நம்ப முடியாதது. ஊர்ப் பெண் ஒருத்தி தனக்குப் பார்த்த பக்கத்து ஊர் மாப்பிள்ளையின் பழைய படத்தைக் காட்டியபோது இங்கே எல்லாரும் மூலையைத்தான் பார்த்தார்கள். "பையன் நல்லாத்தான் இருக்கான். ஆனா நிலாவக் காணமே" என்றாள் கள்ளுக்கடை தோன்யா எர்மீனியா. சம்பந்தம் நின்றேபோனது.

இதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு விசேஷத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் போதாது. கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர். படத்துக்கு, காமிரா வைத்திருப்பவர் என்ற ஒரே தகுதியில், எப்போதும் காசியானோ. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிறவர் பெற்றவர்களுக்குக் கொம்பாத்ரே ஆகிறார். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. அவர் கொடுத்ததில் குறை சொல்லக் கூடாது. தெருவில் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும். காசியானோ சந்தைக்குப் போனால் அவர் கடந்து போகும் வரை தெருவே வெறுந்தலையோடு நிற்கும். அவர் படங்களைப் பற்றி உண்மை பேசக்கூடிய நாக்கு மோயேபம்பாவில் மிச்சமில்லை.

படமெடுக்க மூச்சை அடக்கத் தேவையில்லை என்பது நெலிதாவுக்கு நகரத்துக்குப் படிக்கப் போன பிறகுதான் விளங்கியது. கோச்சபாம்பாவில் விவசாயப் படிப்பு. உருளைக்கிழங்கு நோய்களைப் படமெடுக்கத் துறையில் இதே மாதிரிக் காமிரா ஒன்று இருந்தது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது இடப்பக்கத் திருகு தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் பிடிக்கவில்லை என்று பொருள். முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். இலைகளை மூச்சடக்கச் சொல்லாமலே அவள் படமெடுக்கக் கற்றுக்கொண்டாள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது; சிரித்ததற்காக ஊரை நினைத்து ஒரு குற்ற உணர்வும் வந்தது. படித்துவிட்டோம் என்பதற்காக எதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம் என்பதில் அவளுக்கு இன்னும் தெளிவு இல்லை.

அவள் பட்டம் வாங்கினாள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் முடித்ததே அவள்தான் முதல். "பொம்பளப் புள்ளயப் படிக்க வச்சா உருளக்கெழங்கு தானா மொளைக்குமா?" என்று அவள் அப்பா சாத்துர்னினோவைக் கேட்காத ஆள் இல்லை. அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பட்டமளிப்பு அங்கியில் மகளும் பக்கத்தில் தானுமாக ஒரு படம் எடுத்து, வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும். உள்ளே வருகிற எவனும் முதலில் அதில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அவர் பதில் அதுதான். அதற்காக வாழ்நாளில் முதல் முறையாகக் கழுத்துப்பட்டை கட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இந்தக் கயித்த மறுபடி கட்டணும்னா நான் செத்திருக்கணும்."

"பரவால்ல, அப்பவும் கொம்பாத்ரேதான் வந்து எடுப்பாரு. நீயும் சொல்லாமலே மூச்ச அடக்கிக்குவ" என்றாள் எர்மீனியா. படச் சட்டத்துக்கு ஞானத்தாய் அவள். கண்ணாடி போட்ட பெரிய மரச்சட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சாத்துர்னினோ அதற்கு முந்தின வாரமே ஆணி அடித்து வைத்திருந்தார்.

அங்கி வாடகை அங்கி. மறுநாள் காலை நகரத்துக்குத் திரும்ப வேண்டும். முற்றத்தில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. காசியானோ வந்தார், லென்ஸைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். மூச்சு அடங்கியது. டக். இழுத்தார். டக். நெலிதா அவர் இடது கைப் பக்கம் பார்த்தாள். திருகு அசையவில்லை.

"ஞானப்பா, அந்தத் திருகு சுத்தலையே."

"அது வெக்கப்படுதும்மா. புது ஆளுங்க நெறைய பேர் இருக்காங்கல்ல."

"இல்ல, ஃபிலிம் புடிக்கலைன்னா..."

"நெலிதா!" என்றார் அப்பா. அவ்வளவுதான். முற்றத்தில் எல்லாரும் சட்டியில் கிடந்த கறியைப் பார்த்தார்கள்.

காசியானோ எடுத்துக்கொண்டே போனார். சுருளில் முப்பத்தாறுதான், எண் முப்பத்தாறுக்குப் போய் நின்றது. நெம்புகோல் மட்டும் வெண்ணெயில் கத்தி மாதிரி இழுத்த இழுப்புக்கு வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, தீரவே மாட்டேங்குது! பட்டம் வாங்குன வீட்டுக்குன்னு சாமி சேத்துக் குடுக்குது." பக்கத்து வீட்டுக்காரர்களையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தார். அவர்களுடைய கழுதையையும் எடுத்தார். தீரவில்லை. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நகரத்து லேபிலிருந்து, ஒரு படம்கூடப் பதியாமல், கண்ணாடி போல் தெளிந்த சுருள் திரும்பி வந்தது. காசியானோ அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கறை ஒண்ணு இல்ல பாருங்க. எவ்ளோ சுத்தம்!" என்றார். ஆனால் அன்று மாலை மண்ணெண்ணெய் வாடையோடு தனியாக வந்து, திண்ணமான குரலில், "கொம்பாத்ரே, மறுபடி எடுத்துரலாம்" என்றார்.

நெலிதா அப்பாவைத் தனியாக அழைத்துக் கேட்டாள்: "நாளைக்குப் பஸ்ஸுக்குப் போவோம்பா. கோச்சபாம்பாவுல ஸ்டூடியோல உக்காந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்."

"கொம்பாத்ரே உசுரோட இருக்கும்போது அந்நியன் முன்னாடியா? அதுக்கு அவர உசுரோட பொதச்சிரலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல நிலாவும் வராது" என்றார்.

சாத்துர்னினோ சாகாமலே இரண்டாம் முறை கழுத்துப்பட்டை கட்டினார். அங்கி போய்விட்டதால் பாதிரியாரிடம் கறுப்பு அங்கி இரவல் வாங்கினார்கள். "பாதி ஊருக்குக் கண்ணு மங்கல். கோயில் பக்கம் மட்டும் வந்துராதம்மா" என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார். வருகிற வழியிலேயே ஒருத்தி நெலிதாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, தன் மருமகளைப் பற்றிப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

இந்த முறை திருகு சுழன்றது. நெலிதா தன் கண்ணால் பார்த்தாள். டக், சுழன்றது. டக், சுழன்றது. அப்பாவின் தோள் தன் தோளில் இடிப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவளும் அடக்கினாள். தேவையே இல்லை என்று தெரிந்தும் ஏன் அடக்குகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது, இருந்தும் விடவில்லை.

காசியானோ காமிராவை இறக்கினார். "இந்த வாட்டி வெளையாட்டு இல்ல. எதுக்கும் புடிச்சிருக்கான்னு ஒரு கண்ணு பாத்துர்றேன்."

"திறக்காதீங்க ஞானப்பா, வெளிச்சம் படக்கூடாது!"

உச்சி வெயில். பின்கதவு திறந்தது.

"புடிச்சிருக்கு!" என்று காசியானோ கூவினார். "எல்லாரும் வந்து பாருங்க! கச்சிதமாப் புடிச்சிருக்கு!" எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஃபிலிம் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பேண்டுக்காரர் ஒரு முழக்கம் கொடுத்தார். கை தட்டியவர்களில் சாத்துர்னினோவும் ஒருவர். வெயில் பட்ட சுருள் கரிக்கட்டை நிறத்தில் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை நெலிதா பொத்தோசிக்கு வேலைக்குப் போய்விட்டாள். விதைக்கிழங்கு சோதனை, வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. எர்மீனியா கொடுத்த சட்டத்தை மாட்டாமல் வைத்தால் எர்மீனியாவை அவமதித்ததாகும். ஆகவே வெறும் சட்டம் வாசலுக்கு நேரெதிரே தொங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பு அட்டை. உள்ளே வருகிறவர்கள் அதன் முன் நின்று, "பொண்ணு நல்லா வந்திருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். மரியாதைக்கு எர்மீனியா மட்டும், "இவனுக்குத்தான் கழுத்துப்பட்ட ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு" என்பாள்.

ஒரு லீவில் நெலிதா கேட்டாள்: "சட்டத்துல படமே இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதாப்பா?"

"என்ன தெரியணும்? கொம்பாத்ரே எடுத்தாரு. நீ நின்ன, நானும் நின்னேன். மிச்சம் வெறும் காகிதந்தான."

"பின்ன ஏன் தினமும் காலைல அது முன்னாடி போய் நிக்கறீங்க?"

அவர் கோழிக்குத் தீனி போட எழுந்து போய்விட்டார்.

காசியானோ ஊருக்கெல்லாம் இன்னும் எடுக்கிறார். தெருவில் 'மூச்சு அடக்கு' கேட்கிறது. இந்த வீட்டில் மட்டும் எடுப்பதில்லை. நெலிதா வரும்போதெல்லாம் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தவறாமல் வருவார். கூசுதே, வெயில் ஜாஸ்தி என்பார். மறு வருஷம், மேகம் கப்பிட்டுதே என்பார். மேகமும் வெயிலும் சரியாக இருந்த ஒரு நாள், "காமிராவுக்கு நேத்துலருந்து உடம்பு சரியில்ல" என்று அதைத் தடவிக்கொடுத்தார். கண்ணருகே கொண்டுபோகிற கை, பாதியில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடும். அடுப்புப் பற்றவைக்கும்போது தீ முகத்தில் குப்பென்று அடித்தாலும் நடுங்காத கை அது.

இந்தக் கார்னிவலுக்கும் வந்தார். கறி பரிமாறியாகிவிட்டது. எர்மீனியா கள் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெலிதா தட்டோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எந்த அதிகாரத்தில் கேட்பது, படித்தவள் என்றா, மகள் என்றா என்பது அவளுக்குத் தெளியவில்லை. தெளியாமலே கேட்டுவிட்டாள்.

"ஞானப்பா, அந்தப் படம் வருமா, வராதா?"

கள் ஊற்றிய கை அந்தரத்தில் நின்றது. சாத்துர்னினோ தரையைப் பார்த்தார். அந்த ஊரில் எந்த வீட்டிலும் எந்தக் கொம்பாத்ரேயிடமும் யாரும் கேட்டிராத கேள்வி.

காசியானோ தட்டைக் கீழே வைத்தார். கையைக் காற்சட்டையில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தார். சுவரருகே போய்ச் சட்டத்தை இறக்கி, சட்டைக் கையால் கண்ணாடியின் நான்கு மூலைகளையும் துடைத்து, சாத்துர்னினோவிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு காசியானோ சுவரில் இருந்த ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்து, பிடுங்கி எறிந்தார்.

"பெரிய ஆணியா ஒண்ணு குடுங்க கொம்பாத்ரே. படம் வந்து சேந்தா இது கனம் தாங்காது."

வண்டிச் சக்கரத்துக்கு அடிக்கிற ஆணி ஒன்றை நெலிதா எடுத்துக் கொடுத்தாள், சுத்தியலோடு. அவர் அடித்தார். மண்சுவர் பொலபொலவென்று உதிர்ந்து கறித்தட்டில் விழுந்தது. ஆணி பாதிக்கு மேல் இறங்கியதும் சுத்தியலைக் கீழே போட்டார். சாத்துர்னினோ வெறும் சட்டத்தை மார்போடு ஏந்திக் காத்திருக்க, தோன் காசியானோ இரண்டு கையாலும் ஆணியைப் பிடித்து, கால்களை மடக்கி, அதில் தொங்கிப் பார்த்தார்.