நாற்பது பேர் கொண்ட வகுப்பு

ஒரு வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள விகிதம் 3:5. ஆண் பிள்ளைகள் எத்தனை பேர்? கேள்வி அவ்வளவுதான். கீழே ஐந்து விடைகள். முதல் நான்கும் எண்கள். ஐந்தாவது, ‘தரப்பட்ட தகவல் போதாது.’ என் மனைவி பதினைந்து என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள்தான் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தினாள். விடை ஐந்தாவது.

“பதினைஞ்சு எப்பிடி வந்தது, அம்மா?”

“நாப்பதை எட்டால பிரிச்சா அஞ்சு. மூண்டு தரம் அஞ்சு பதினைஞ்சு.”

“பட் ஃபோர்ட்டி எங்கயிருந்து வந்தது? இட்ஸ் நாட் தேர்.”

“ஒரு வகுப்பில நாப்பது பேர்தானே,” என்றாள் என் மனைவி.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பிலும் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது எட்டால் மீதியின்றி வகுபடும் என்பதும் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. கணக்கு இத்தனை அழகாக முடிந்தால் அது எப்படிப் பிழையாகும்?

இது வேடிக்கைக்காகச் செய்யும் கணக்கு அல்ல. பதினொரு வருடங்களாக அவள் ஸ்காபரோவில் உணவுப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடி வேலை செய்கிறாள். வலது தோள் முதலில் போனது. பிறகு வைத்தியர் பாரம் தூக்குவதை நிறுத்தச் சொன்னார். மருந்துக்கடை உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். வயது வந்தவர்கள் அதில் சேர முதலில் ஒரு கணிதப் பரீட்சையில் தேற வேண்டும். ஒரு வருடத்தில் இரண்டு தடவைதான் எழுதலாம். முதல் தடவை சில புள்ளிகளால் தவறிவிட்டது. இரண்டாவதும் தவறினால் இன்னொரு வருடம் அதே இடத்தில், அதே தோளோடு நிற்க வேண்டும்.

பரீட்சை முடிவோடு வந்த தாளில் பகுதி பகுதியாகப் புள்ளிகள் இருந்தன. பின்னம், தசமம், சமன்பாடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய முழுப் புள்ளி. விகிதத்தில் பாதியும் இல்லை. அவள் ஊரில் உயர்தர வகுப்புவரை கணிதம் படித்தவள். அதற்குக் கீழான சாதாரணதரப் பரீட்சையிலேயே கணிதத்தைத் தட்டித்தடவித் தாண்டியவன் நான். அந்தத் தாளை அவள் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். என்னைத் தவிர யாருக்கும் காட்டவில்லை.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள சலவை அறையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் மாடி வீட்டின் மேசையைவிட அந்த அறையில் உடுப்பு மடிக்கும் மேசை பெரியது. இயந்திரம் சுற்றி முடிய அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பத்துக் கேள்விகள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு உதவலாம் என்று நம்பினேன். நான் ஒரு தமிழ் வார இதழில் செய்திகளைத் திருத்துகிறவன். நிருபர் எழுதி வரும் பிரதியில் என்ன இல்லை என்று தேடுவதுதான் என் தொழில். எத்தனை பேர், எப்போது, யார் சொன்னது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். ‘தகவல் போதாது’ என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவளுக்கு இருந்தது. ஏன் அந்த ஐந்தாவது விடையைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்டேன்.

“வெறுமையா விட்டா சைபர். கணக்குச் செய்த வழியை எழுதினா பாதிப் புள்ளியாவது வரும். எங்களுக்கு அப்பிடித்தானே சொல்லித் தந்தவை,” என்றாள். “தகவல் காணாது, போதாது எண்டு எழுதினா, படிக்காமல் வந்திட்டாள் எண்டு நினைப்பினம்.”

கேள்வித்தாளில் அச்சாகி வந்த ஒன்று குறையாக இருக்கலாம் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. கேள்வி போட்டவர் மறந்துவிட்டதை நிரப்பிக் கொடுப்பது தன் பொறுப்பு என்பதுபோல அவள் நடந்துகொண்டாள்.

அன்று நானும் பத்துக் கேள்விகளுக்கு விடை குறித்தேன். அப்பிள்களுக்கும் தோடம்பழங்களுக்கும் விகிதம் 4:7, தோடம்பழம் ஒன்பது கூட, அப்பிள் எத்தனை? மொத்தம் தரப்படவில்லை. ஐந்தாவது விடையைக் குறித்தேன். பழச்சாறும் தண்ணீரும் 1:3, பானத்தில் சாறு எத்தனை வீதம்? அளவு எதுவும் இல்லை. மறுபடியும் ஐந்தாவது. மொத்தம் ஏழு கேள்விகளுக்கு ஐந்தாவது விடை போட்டேன். அதில் நான்கு பிழை.

அவள் என் தாளை எடுத்துப் பார்த்தாள். வித்தியாசம் மூன்று பங்கு, மூன்று பங்கு ஒன்பது, ஒரு பங்கு மூன்று, அப்பிள் பன்னிரண்டு என்று பென்சிலை வைக்காமலே சொன்னாள். பானத்தை ஒரு குவளையில் கலந்தாலும் ஒரு வாளியில் கலந்தாலும் சாறு கால் பங்குதான், இருபத்தைந்து வீதம்.

“உங்களுக்குக் கணக்குச் செய்யப் பஞ்சி. அதுக்குக் காணாது எண்டு ஒரு பேர்,” என்றாள்.

அது உண்மை, சோம்பல்தான். அலுவலகத்திலும் சில பிரதிகளை நான் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேண்டிய தகவல் மூன்றாவது பந்தியிலேயே இருந்திருக்கும்.

இரண்டு மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. அவள் இல்லாததை இட்டு நிரப்பினாள், நான் இருந்ததைப் பார்க்காமல் விட்டேன். வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். வகுப்புக் கணக்கைத் திரும்ப எடுத்தாள். நாற்பதைக் கைவிட அவளுக்கு மனமில்லை.

“சரி, நாப்பது எண்டு வைச்சா பதினைஞ்சு. எண்பது எண்டு வைச்சா முப்பது. ரெண்டும் கேள்விக்குப் பொருந்துது. ஆனா விடை ரெண்டு,” என்றாள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். “அப்ப இதுக்குக் காணாது.”

பிறகு பழச்சாற்றை எடுத்தாள். நான்கு குவளை, இருபத்தைந்து வீதம். எட்டுக் குவளை, அதே இருபத்தைந்து வீதம். எந்த அளவை வைத்தாலும் ஒரே விடை. ஆகவே போதும். அதற்குமேல் இரண்டு குவளை தண்ணீர் விட்டால்? நான்கில் 1:5, எட்டில் 2:8. விடை மாறுகிறது, போதாது.

இல்லாத எண்ணைக் கற்பனை செய்வதை நிறுத்து என்று நானும் மகளும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் நிறுத்தவில்லை. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு எண்களைக் கற்பனை செய்தாள். அதன்பின் பயிற்சித் தாள்களில் அவள் தவறவிட்டவை மிகக் குறைவு.

பரீட்சையன்று வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தேன். சிரித்த முகத்தோடுதான் வந்து ஏறினாள். கடைசியில் நேரம் நெருக்கியது என்றாள். இருக்கைப் பட்டியைப் பூட்டிக்கொண்டே ஒரு கேள்வியைச் சொன்னாள். பேருந்தில் ஆண்களும் பெண்களும் 2:3. அடுத்த தரிப்பில் இரண்டு ஆண்களும் மூன்று பெண்களும் ஏறுகிறார்கள். இப்போது விகிதம் என்ன? மொத்தம் தராமல் ஆட்களை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், பார்த்தவுடனே காணாது என்று போட்டுவிட்டேன் என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவளுடைய விரல் தொடைமேல் எழுதத் தொடங்கியது. இரண்டும் மூன்றும் இருந்தால் நாலும் ஆறும். இருபதும் முப்பதும் இருந்தால் இருபத்திரண்டும் முப்பத்துமூன்றும். இரண்டும் 2:3.

“தகவல் காணும்,” என்றாள். “அதிலயே எல்லாம் கிடந்திருக்கு.”

பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

“உங்கட ‘காணாது’ வருத்தம் எனக்குத் தொத்தீட்டுது,” என்றாள்.

முடிவு வர மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரமும் அவள் வேறு கேள்விகளை ஞாபகப்படுத்த முயன்றாள், முடியவில்லை. தவறியது அந்த ஒன்றா, பத்தா என்று எங்களுக்குத் தெரியாது. சமைக்கும்போது அடுப்பருகில் நின்று விரலால் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒரு புதன்கிழமை மதியம், அவளுடைய இடைவேளை நேரத்தில் தொலைபேசியில் அழைத்தாள். பின்னால் பொதியிடும் இயந்திரத்தின் சத்தம்.

“படிப்புக்கு இடம் கிடைச்சிட்டுது,” என்றாள்.

எத்தனை புள்ளி என்று கேட்டேன். தேறும் எல்லையைவிட நாலு கூட என்றாள். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் வகுப்பு, அந்த இரண்டு நாளும் காலை வேலைக்கு மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழைத்திருக்கிறாள்.