ருக்குமணி கொடுத்த பெயர்

தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிக்கும் அறையில் ருக்குமணி இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில். கட்டிக்கொண்டது கியா பார்ம் ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் பக்கிரிசாமியை. ஒரு சிட்டிகைத் தூளை விரலில் தேய்த்து மோந்தாலே போதும், மழையில் கிள்ளிய இலையா வெயிலில் கிள்ளிய இலையா என்று சொல்லிவிடுவாள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் பழைய கிராணி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி தனக்குத்தான் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அதே லைன் நல்லுசாமியின் மகள் சசிரேகாவை உட்கார வைத்தார்கள். இருபத்தெட்டு வயசு. ருக்குமணி கண்முன்னே மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பிள்ளை.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. சசிரேகா சிரித்தால் எரிந்தது, சிரிக்காமல் போனால் இன்னும் எரிந்தது. சூப்பர்வைசர் குணாளன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை “சசி, சசி” என்று கூப்பிடுகிறான் என்று சல்லடைக்கு முன்னால் நின்றபடியே எண்ணுவாள். தேநீர் நேரத்தில் அந்தப் பெண் பலகாரத்தை நீட்டினால், இல்லாத சர்க்கரை வியாதியைச் சொல்லி மறுப்பாள்.

இலையைச் சுருட்டும் மிஷினின் பெல்ட்டுக்கு மேலே ஓர் இரும்பு மூடி உண்டு. பெல்ட் நழுவும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கிறது என்று குணாளன் அதை ஒரேயடியாகக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டான். ருக்குமணி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“கை கிய் மாட்டிக்கப் போவுது சார்.”

“நீங்க தூளைப் பாருங்கக்கா, மிஷினை நான் பாத்துக்கறேன் லா.”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மார்ச் மாதம், அந்த மிஷினில் வேலை பார்த்த ரபீக்கின் வலது கை அந்தப் பெல்ட்டில் மாட்டியது. பங்களாதேஷிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுவிட்சை அணைத்ததும் ருக்குமணிதான், தலைத்துணியை அவிழ்த்து அவன் கையைச் சுற்றியதும் அவள்தான். இரண்டு விரல் போய்விட்டது. மறுநாள் குணாளன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான்: “அவன் தங்கியிருக்கிற கொங்சியில, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான். கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு. யார் கேட்டாலும் இதான். வெளங்குதா?” எல்லோரும் தலையாட்டினார்கள். ருக்குமணியும் ஆட்டினாள்.

நாலைந்து நாள் கழித்து சசிரேகா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அந்த மூடிய எப்ப கழட்டுனாங்க?”

“தைப்பூசத்துக்கு மறுநாளு. குணாளன் மொட்டை போட்டுட்டு வந்திருந்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

இரண்டு வாரம் போனது. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து மெலிசா என்ற அதிகாரி வந்து இறங்கினாள். கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் உண்டு: வேலையிடத்தில் தப்பு நடந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது. அந்த எண்ணுக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள். மெலிசா ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினாள்.

“தைப்பூசத்துக்கு மறுநாள் மூடிய கழட்டினதா தகவல் வந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?”

ருக்குமணிக்குச் சுரீரென்றது. தன் வாயிலிருந்து வந்த சொல். அதை வாங்கிப் போய் நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போவது சசிரேகா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சசிரேகா எழுதியது உண்மையாகிவிடும். நாற்காலியும் அவளுக்கு, நியாயமும் அவளுக்கா?

“ஞாபகம் இல்லம்மா,” என்றாள்.

வெளியே வந்த பிறகு ரபீக்கின் கட்டுப்போட்ட கை நினைவுக்கு வந்தது. அப்போதும் அவள் திரும்பி உள்ளே போகவில்லை.

மெலிசாவின் வண்டி தானா ராத்தா பக்கம் இறங்கித் திரும்பிப் போன மறுநாள் குணாளன் ருக்குமணியை அறைக்குள் அழைத்தான். கதவைச் சாத்தினான்.

“யாருன்னு உங்களுக்குத் தெரியும்க்கா. பேரை மட்டும் சொல்லுங்க. தரம் பிரிக்கிற ரூமுக்கு உங்களையே தலைமையா போட்டுர்றேன்.”

பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு வருட எரிச்சல் ஒரே சொல்லில் அணைந்துவிடும். சசிரேகா நாற்காலியை விட்டு இறங்கி, தலைகுனிந்து போவதை அவள் மனத்துக்குள் பார்த்தேவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் தயங்குவதைக் கண்ட குணாளன் சிரித்தான். “உங்கள நான் சந்தேகப்படல. உங்களால எல்லாம் இதச் செய்ய முடியுமா? இதுக்கு மூளை வேணும், தைரியம் வேணும்.”

ருக்குமணிக்கு முகம் காந்தியது. இந்த அறையில்கூட அந்தப் பெண்தான் மூளைக்காரி, தைரியக்காரி.

“ஏன் சார் என்னால முடியாது? நாந்தான் சொன்னேன். மூடிய எப்ப கழட்டுனீங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

குணாளனின் சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னது யாரிடம் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

மறுநாள் காலை, தொழிற்சாலைக்குள் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். மேல்மலைச் சரிவில் காவாய் துப்புரவு செய்ய அனுப்பினார்கள். ஐம்பத்தோரு வயதில், சாரல் மழையில், மண்வெட்டியோடு. காலில் அட்டை ஏறியது. மூன்றாம் நாள் சாயங்காலம், விஷயம் தெரிந்து சசிரேகா அவள் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

“எனக்காக ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?”

“ஒனக்காகன்னு யாரு சொன்னா?” ருக்குமணி சீறினாள். “ஒன்னக் காட்டிக் குடுக்கத்தான் உள்ள போனேன், தெரிஞ்சுக்க. அந்த மேடம் கேட்டப்பவும் ஞாபகம் இல்லன்னுட்டு வந்தவதான் நானு.”

சசிரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா காட்டிக் குடுக்கலியே. புகார் குடுத்தவங்கள இந்த மாதிரி பழிவாங்கக் கூடாதுன்னு அந்த நோட்டீஸ்லயே இருக்கு. இன்னிக்கே நான் மெலிசா மேடத்துக்கு எழுதறேன்.”

“அதையும் நீயேதான் எழுதணுமா? எனக்கு வாய் இல்லியா? நம்பரக் குடு.”

சசிரேகாவை அருகில் வைத்துக்கொண்டே ருக்குமணி அழைத்தாள். எடுத்தது மெலிசாதான். பெயர் சொல்லத் தேவையில்லை என்று அவள் தொடங்கியதுமே இவள் குறுக்கிட்டாள்.

“என் பேரு ருக்குமணி. தரம் பிரிக்கிற ரூம். நல்லா எழுதிக்குங்க. அன்னிக்கு ஞாபகம் இல்லன்னது பொய்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, சிரிப்பு, தலைத்துணி, பாத்ரூம் கதை, கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு, காவாய் வேலை. கண்ணால் பார்த்தவள் சொன்ன சாட்சி என்பதால் விசாரணை மளமளவென்று நகர்ந்தது. குணாளனை முதலில் தற்காலிகமாக நிறுத்தினார்கள், பிறகு வேலையை விட்டே அனுப்பினார்கள். ரபீக்கின் விபத்தை மிஷினில் நடந்ததாகவே திருத்தி எழுதியதால், அவனுக்குச் சேர வேண்டிய இழப்பீடும் ஈப்போவில் சிகிச்சையும் கிடைத்தன. மூடி மிஷினில் ஏறியது. ருக்குமணி தன் அறைக்குத் திரும்பினாள்.

லைனில் எல்லோரும் முதல் புகாரும் அவள் கொடுத்ததுதான் என்று நம்பினார்கள். பிரிஞ்சாங் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத பெண்கள்கூட நிறுத்தி, “அந்தத் தொழிற்சாலைக்கார அக்கா நீங்கதானா?” என்று கேட்டார்கள். ஒரு தடவை சசிரேகாவும் கூட இருந்தாள். கீரைக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “எங்க அக்காதான், ரொம்பத் தைரியம்,” என்றாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

ருக்குமணி அந்த முகத்தையே பார்த்தாள். செய்ததைச் செய்துவிட்டு, பேரை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, இப்படிக் கீரை வாங்க இவளால் எப்படி முடிகிறது? மறுபடியும் வயிறு எரிந்தது. முதலில் எழுதியது இவள்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறும். ஆனால் சொன்னால், வெளியே வராது என்று நம்பி எழுதிய சசிரேகாவின் பெயர் வெளியே வந்துவிடும்.

“ஆமாம்மா, நாந்தான்,” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, சசிரேகாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.