ரெஃப்யூஸ்டு என்று எழுதாத நர்சம்மா

எங்கள் சுகாதார நிலையத்துக் கர்ப்பிணிகள் பதிவேட்டில் கடைசிக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். ‘குறிப்பு’ என்று தலைப்பு. முன்பு எங்கள் மலையின் வாழவந்தி நாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பதிவேட்டில் மட்டும் அந்தக் கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறி நிற்கும். ‘சாமை அறுப்பு, மாமியாருக்குக் காய்ச்சல், இன்று வர இயலவில்லை, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார், வந்தார்.’ மற்ற ஏடுகளில் அதே இடத்தில் ஒரே ஆங்கிலச் சொல் இருக்கும்: ரெஃப்யூஸ்டு. ஊசிக்கு வரவில்லையா, ரெஃப்யூஸ்டு. ரத்தப் பரிசோதனைக்கு வரவில்லையா, அதுவும் ரெஃப்யூஸ்டு. நான் அந்த ஏடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவள். இதே மலையில் குண்டூர் நாட்டில் பிறந்து வளர்ந்தவள். என் மலைச் சனம் காலையில் எழுந்ததிலிருந்து எதையாவது மறுத்துக்கொண்டேதான் இருக்கிறது என்று அந்த ஏடுகளைப் படிக்கிற வெளியூர்க்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓரத்தில் ஏற்றி எழுதிய அந்த நர்சம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர், அடிவாரத்து ஊர்க்காரர். அந்த ஒரு சொல்லைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் ஸ்கூட்டர்ப் பெட்டியில் தடுப்பூசி அட்டைகளோடு பள்ளிக்கூடத்து ஆங்கில அகராதி ஒன்றையும் வைத்திருந்தார். ஒருநாள் மதியச் சோற்றுக்கு நடுவே அதைப் பிரித்து எனக்குப் படித்துக் காட்டினார். ரெஃப்யூஸ், டிக்ளைன், ரிஜெக்ட், டர்ன் டவுன். “பணிவா வேண்டாங்கறதுக்கு ஒண்ணு, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதுக்கு ஒண்ணு, ஒதுக்கித் தள்றதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சிருக்கறாங்கக்கா. ஆனா எதுவா இருந்தாலும் மொதல்ல ஒருத்தரு குடுத்திருக்கோணும். நாம என்னத்தக் குடுத்தோம், இவங்க வேண்டாங்கறதுக்கு?” என்றார். நான் சிரித்தேன். வேறு வேலை இல்லையா உனக்கு என்றுகூடக் கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் பகுதியில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம். காலில் வீக்கம், ரத்த அழுத்தம் கூடியிருந்தது. மறுநாளே மலையிறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண்ணும் துணிப்பையோடு விடிந்ததும் ரோட்டுக்கு வந்துவிட்டார். இரவு பெய்த மழையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மரம் விழுந்து கிடந்தது. பஸ் வரவில்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை நின்று பார்த்துவிட்டு, கால் கடுத்துப்போய் வீடு திரும்பினார். மறுநாளும் வழி திறக்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது.

விசாரணைக் கூட்டத்தில் அன்றைக்கு இருந்த அதிகாரி, மேல்சிகிச்சைக்கு அனுப்பியும் போக மறுத்தார் என்று ஒரே வார்த்தையில் முடிக்கச் சொன்னார். மரத்தை இரண்டு நாள் வெட்டாமல் விட்டது, மாற்று வண்டி இல்லாதது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். நர்சம்மா மட்டும் எழுந்தார்.

“மறுத்தவங்க எதுக்குங்க சார் விடியால பையத் தூக்கிட்டு வந்து ரோட்டுல நிக்கறாங்க?”

“அதையெல்லாம் எழுதுனா நம்ம மேல கேள்வி வரும்மா.”

“வரட்டுங்க சார்.”

அவர் தன் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினார். ஆனால் மேலிடம் பார்ப்பது ஏட்டை அல்ல, கணினியைத்தான். கணினியில் அந்த இடத்தில் எதையும் எழுத முடியாது, பட்டியலில் இருக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்தார், ஊரில் இல்லை, இடம் பெயர்ந்தார், ரெஃப்யூஸ்டு. பஸ் வரவில்லை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் போட்ட மகராசனுக்குத் தோன்றவே இல்லை. நான் நான்காவதை அழுத்தினேன். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கணினிக்கு முன்னால் மறுக்க வாய்ப்பிருந்தவள் நான் ஒருத்திதான், நான் மறுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கணவர் கீழே கட்டட வேலையில் இருந்தார். சேதி கேட்டு ஓடிவந்தவரிடம் எங்கள் அலுவலகத்தில் யாரோ, உங்கள் மனைவிதான் போக மாட்டேன் என்றார் என்று சொல்லிவிட்டார்கள். நர்சம்மா அவர்கள் வீட்டுக்கே போய் நடந்ததை எடுத்துச் சொன்னார். “நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க. கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்களாமே” என்று அந்த மனிதர் திருப்பி அனுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளையைக் கொன்றவள் ஆனாள். அடுத்த மாதமே நர்சம்மாவுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. போகும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தார், ஐந்து மாத வயிற்றோடு. புதிதாக வந்திருக்கும் நர்ஸ் திரையைப் பார்த்தார். பழைய பதிவு சிவப்பில் நின்றது. “கீழ போகச் சொன்னப்ப மாட்டேன்னவங்க நீங்கதானா? இந்தத் தடவையாவது சொன்ன பேச்சக் கேளுங்க” என்றார், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார். மூன்று வருடமாக இதைக் கேட்டுப் பழகியிருந்தார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “அவங்க மறுக்கலீங்க சிஸ்டர். பஸ் வரல. அஞ்சு மணி நேரம் ரோட்டுல நின்னாங்க. ரெஃப்யூஸ்டுன்னு அடிச்சவ நாந்தான்.”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து செல்போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்தார்.

“எங்க ஊட்டுக்காரருங்க. இப்பச் சொன்னத அப்படியே அவருகிட்டயும் சொல்லுங்கக்கா.”