சாமித்தட்டில் இருந்த இன்சுலின்

அந்தக் குளிர்காலத்தில் அம்மா கள்ளத்தீனி தின்கிறார் என்றே நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, முகத்துக்கு நேரே சொன்னேன். டொக்டர் இன்சுலினைக் கூட்டினார், திரும்பவும் கூட்டினார். சீனி இறங்கவேயில்லை. அப்படியென்றால் ஆள் ஒளித்துச் சாப்பிடுகிறார், வேறென்ன? ரஸ்க் பெட்டியைக் குப்பையில் போட்டேன். அலுமாரியைப் பூட்டினேன்.

“நான் ஒண்டும் கள்ளமாச் சாப்பிடேல்லை, பிள்ளை.”

“அப்ப சீனி காத்திலையோ ஏறுது?”

அதற்குப் பிறகு அம்மாவின் இரவுச் சாப்பாடு ஒரு இடியப்பமாகக் குறைந்தது. ஆள் மெலிந்துகொண்டே போனார். என் கட்டுப்பாடு வேலை செய்கிறதென்று நான் சந்தோஷப்பட்டேன். சீனி கூடினாலும் ஆள் மெலியும் என்பது அப்போது தோன்றவில்லை. என் மண்டைக்குள் என்ன இருந்ததோ.

இத்தனைக்கும் என் வேலையே ஆய்வுகூடத்தில் நொதியங்கள் என்கிற புரதங்களைச் சூடாக்கிப் பார்ப்பதுதான். சின்னக் குழாய்களில் விட்டு, ஒவ்வொரு பாகையாகச் சூட்டை ஏற்றி, எந்த இடத்தில் அந்தப் புரதம் மடிப்புக் குலைந்து உதவாமல் போகிறதென்று எழுதிவைப்பேன். அவித்த முட்டை திரும்பப் பச்சையாகாது, அதே விஷயம்தான். ஆனால் சில புரதங்கள் கெட்ட பிறகும் தண்ணீர்போலத் தெளிவாகவே இருக்கும். கண்ணால் பார்த்து நம்பாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இன்சுலினும் ஒரு புரதம் என்பது எனக்குத் தெரியாதா? ஊருக்குத்தான் உபதேசம்.

தை மாதத்தில் ஒருநாள், சாமித்தட்டில் பல்ப் எரியவில்லை, மாற்றித் தா என்று அம்மா கூப்பிட்டார். நான் அந்தப் பக்கம் போகிற ஆளில்லை. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டால் இன்சுலின் பெட்டி. தொட்டால் சுட்டது. தட்டுக்கு நேர் கீழே ஹீற்றர். மல்வேர்னில் எங்கள் வாடகைக் கட்டடத்தில் ஹீற்றர் சூட்டை நாங்கள் குறைக்க முடியாது. கொட்டுகிற பனியிலும் யன்னலைத் திறந்துவைத்துத்தான் படுப்போம்.

“இது ஏன் இஞ்சை இருக்கு?”

“கந்தசட்டிக்கு எடுத்து வைச்சனான். நீ பிரிட்ஜ் முழுக்க மீனும் கோழியும் அடுக்கி வைச்சிருக்கிறாய். விரதத்தோடை உடம்பிலை ஏத்திற மருந்தை அதுக்குள்ளை எப்பிடி வைக்கிறது?”

விரதம் முடிந்தும் மருந்து இடம் மாறவில்லை. பிறகு பார்மசியில் எடுத்ததும் அங்கேதான் போயிருக்கிறது.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கத்துவாய்.”

அம்மாமேல் வந்த கோபம் இரண்டு நிமிடம் நின்றது. பிறகு டொக்டர்மேல் வந்தது. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டாரா? நான் மட்டும் கேட்டேனா? என்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அன்றைக்கே புது மருந்து வாங்கினேன். பிரிட்ஜில் மேல்தட்டைக் கழுவித் துடைத்து அம்மாவுக்கென்று விட்டேன். மீன் கீழே போனது. நாளாக ஆகச் சீனி இறங்கியது.

ஒருநாள் இரவு மேசையில் இருக்கும்போது அம்மா ஒரு இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்து, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இனி ரண்டு சாப்பிடலாமோ, பிள்ளை?”

“இதையும் என்னட்டைக் கேட்டுத்தான் சாப்பிடுவியளோ?” என்று கத்தினேன்.

அம்மா கையிலிருந்த இடியப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.