நவுஷாத் நிறுத்திய சின்ன தேக்சா

நவுஷாத் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது கச்சிராயபாளையத்தில், ஒரு மௌத்தான வீட்டில். என் சின்னம்மாவின் சம்பந்தி காலமாகி பாத்திஹா ஓதி முடித்து, பெண்களெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தோம். எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை பாதி மௌத்து வீட்டில்தான் நடக்கும். எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதானே. எலவனாசூர்கோட்டை அஸ்ரப் நிஷா நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். "எங்க அக்கா மவன் ஒருத்தன் இருக்கான் மாமி. நவுஷாத்னு பேரு. மெட்ராஸ்ல பார்சல் கம்பெனில வேல. ஒரு பீடி கெடையாது, ஒரு டீக்கட பாக்கி கெடையாது" என்றாள்.

நான் அந்தப் பேரை என் தம்பி ஜுல்பிகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஜுல்பிகர் என் சித்தப்பா மகன். கள்ளக்குறிச்சியில் கல்யாண விருந்து எடுத்துச் செய்கிறவன். அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை, அப்சானா ஒருத்திதான். நிக்காஹ் முடிந்த அடுத்த வருஷம் பார்சல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது, அதில் நவுஷாத்தின் வேலையும் போனது. அவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான்.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கறிக்கடையில் நிற்கும்போதே ஒருத்தன், "இன்னா மாப்ள, மாமனார் வூட்டு சோறு ஒடம்புல ஒட்டுதா?" என்று கேட்டிருக்கிறான். நவுஷாத் சிரித்துவிட்டு வந்துவிட்டானாம். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று அப்சானா என்னிடம் சொன்னாள். தின்கிற சோற்றுக்கு மேலே தான் அந்த வீட்டுக்கு ஏதாவது செய்து காட்டவேண்டும் என்பது அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பார்சல் கம்பெனியில் அவன் பார்த்ததே செலவைக் குறைக்கிற வேலைதான். எந்த லாரி காலியாகத் திரும்புகிறது, எந்தக் கிடங்கில் சரக்கு தூங்குகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அதே கண்ணோடு என் தம்பியின் தொழிலைப் பார்த்தான். தப்புச் சொல்லக்கூடாது, நல்லது செய்தான். எங்களுக்கு ஆடு வருவது கல்வராயன் மலையிலிருந்து. நம் வண்டி காலியாக ஏறி, ஆட்டோடு இறங்கும். "ஏறும்போது ஏன் சும்மா ஏறணும்?" என்று கேட்டு, மலைமேல் இருக்கிற மளிகைக் கடைகளுக்கு உப்பு, எண்ணெய், சோப்பு ஏற்றிவிட ஏற்பாடு செய்தான். ஏறுகிற வாடகையிலேயே டீசல் கழிந்தது. விருந்து இல்லாத நாளில் தூங்கிக்கொண்டிருந்த பாத்திரங்களை வாடகைக்கு விட்டான். வண்டி ஓட்டுகிற சுபாஷ்கூட, "பாய், மாப்ள தலைல மூள இல்ல, மிஷினு" என்றான். என் தம்பி முகத்தில் பூரிப்பு தெரிந்தது.

அப்புறம்தான் அவன் கண் சின்ன தேக்சாமேல் விழுந்தது.

எந்த விருந்தானாலும், சொன்ன ஆளுக்குச் சொன்ன கணக்கில் பெரிய தேக்சாக்கள், அதாவது பிரியாணி அண்டாக்கள், அடுப்பில் ஏறும். அவற்றோடு ஓரமாக ஒரு சின்ன தேக்சாவிலும் பிரியாணி வேகும். அதற்கு என் தம்பி யாரிடமும் காசு வாங்கமாட்டான். ஆடு கொடுத்தவர்கள், விறகு பிளந்தவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லாம் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள், அந்தச் சோறு அவர்களுக்கு. மலையில் ஆடு பிடிக்கும்போதே இன்ன தேதியில் இன்ன மண்டபம் என்று சொல்லிவிட்டுத்தான் வருவான். ஆட்டுக்காரி வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். யாருடைய ஆடு வெந்ததோ அவர் வாயில் அந்தச் சோறு விழவேண்டும், இல்லையென்றால் அது விருந்து இல்லை என்பது அவன் எண்ணம்.

இதை நவுஷாத்திடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளமாட்டார்கள், மரியாதை அப்படி. எல்லாப் பேச்சும் அப்சானா வழியாகத்தான் போகும், வரும். சின்ன தேக்சா வீண் செலவு, நிறுத்தலாமா என்று அவன் அவள் வழியாகக் கேட்டுவிட்டான். என் தம்பி யோசித்தான். வேண்டாம் என்று சொன்னால் வீட்டோடு இருக்கிற பிள்ளை மனசு சுருங்கிப்போகுமே என்று பயந்தான். "மாப்ள இஷ்டம்" என்று சொல்லியனுப்பிவிட்டான். முதலில் வந்தது வெளியூர் ஆட்டை வைத்து நடந்த சின்ன விருந்து, வேலையாட்களுக்குப் பெரிய தேக்சாவில் இருந்ததே போதுமாக இருந்தது, குறை ஒன்றும் தெரியவில்லை. கையில் மிஞ்சிய காசை நவுஷாத் அப்சானாவிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

அடுத்தது ஜவுளிக்கடை அமீர் பாய் வீட்டுக் கல்யாணம். ஆடெல்லாம் மலையிலிருந்து, காசியம்மாள் பட்டியிலிருந்து பிடித்தது. பிடிக்கும்போது என் தம்பி பழக்கத்தில் அவளிடம் தேதியும் மண்டபமும் சொல்லிவிட்டு வந்துவிட்டான். காசியம்மாளுக்கு என் வயசிருக்கும். என் தம்பி மீசை முளைக்காத காலத்திலிருந்து அவள் வீட்டில் ஆடு பிடிக்கிறான். நவுஷாத்தும் அந்த வீட்டுக்குப் போனவன்தான். அவள் வார்த்த சாமைக் கூழைக் குடித்துவிட்டு, ருசி தாங்கவில்லை என்று வந்து சொன்னவன்.

மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகையை ஒட்டித்தான் கடைசிப் பந்தி போட்டார்கள். நானும் அதில்தான் உட்கார்ந்தேன், சமையல்காரன் வீட்டு மனுஷி முன் பந்தியில் உட்காரக்கூடாது. காசியம்மாள் தன் மகளோடும் மருமகளோடும் வந்திருந்தாள். கல்யாணப் பொண்ணுக்கென்று ஒரு பலாப்பழத்தை மகள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். "நல்லா கீறியா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டோம். தயிர்ப் பச்சடி வந்தது, தாளிச்சா வந்தது. பிரியாணி வரவில்லை.

உள்ளே தேக்சாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அது கேட்க நன்றாக இருக்கிற சத்தமில்லை. நவுஷாத் வெளியே வந்தான், வரிசையைப் பார்த்தான், உள்ளே போனான், திரும்ப வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. அந்த நேரம் பார்த்துத்தான் அமீர் பாய் நன்றி சொல்லிப் போகலாம் என்று பின்பக்கம் வந்தார். வரிசையாகக் காலி இலைகளைப் பார்த்து நின்றுவிட்டார். தன் வீட்டு விருந்தில் சோறு பத்தவில்லை என்ற பேச்சை எந்தத் தகப்பனால் தாங்கமுடியும்?

"இன்னா மாப்ள, சோறு பத்தலியா? யாரு இவங்கல்லாம்?"

காசியம்மாள் நவுஷாத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். இவன் நம்மைச் சொல்வான் என்கிற சிரிப்பு அது. நவுஷாத் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியலங்க பாய். யாரோ மலைக்காரங்க. கூப்புடாம வந்து ஒக்காந்துட்டாங்க" என்றான்.

அமீர் பாய் நல்லவர். "வந்தவங்கள எழுப்பாத, எதனா குடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் கொடுக்க என்ன இருந்தது?

காசியம்மாள் தாளிச்சாவைக்கூடத் தொடவில்லை. இலையைத் தன் பக்கமாக மடித்தாள், வயிறு நிறையச் சாப்பிட்டவள் மடிப்பதுபோல. மகளும் மருமகளும் அவளைப் பார்த்து மடித்தார்கள். எழுந்து போய்க் கை கழுவினார்கள். எச்சில் படாத கைகளை அவர்கள் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் இலையும் காலிதான். ஆனால் நான் சமைத்த வீட்டுக்காரி. எனக்குத் தலை நிமிரவில்லை. "அக்கா, இரு" என்று கூப்பிட வாயெடுத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவளே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். பலாப்பழம் கொட்டகை மூலையில் கிடந்தது. அதை அறுக்க யாருக்கும் கை வரவில்லை. மறுநாள் பாத்திரத்தோடு பாத்திரமாக வீட்டுக்கு வந்தது.

என் தம்பி அப்போது அடுப்படியில்தான் இருந்தான், மருமகன் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினான். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினான். "அக்கா, அந்தம்மா வூட்ல நான் எத்தினி வாட்டி கை நனைச்சிருப்பேன்" என்றான். அவ்வளவுதான். நவுஷாத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும். முன்பு மரியாதைக்காகப் பேசாமலிருந்த மாமனார் இப்போது வேறு எதற்கோ பேசாமலிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் சாப்பிட்டு வேலைக்குப் போனபிறகு இவன் சாப்பிட உட்காருவான்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு விருந்து வந்தது, ஆடு வேண்டும். தானே போவதாக நவுஷாத் சொன்னான். சுபாஷ்தான் வண்டி ஓட்டினான், அவன் சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும். காசியம்மாள் வாசலில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவன் ஆடு கேட்டான். "இந்த வருசம் ஆடு இல்ல தம்பி" என்றாள். அவளுக்குப் பின்னால் பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தனவாம்.

நவுஷாத் தலையைக் குனிந்துகொண்டு, "தெரிஞ்சவங்கன்னு அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்மா" என்றிருக்கிறான்.

"அத வுடு. மேகம் கட்டிக்கினு வருது, சீக்கிரம் எறங்குங்க" என்றாளாம் அவள். கூழ் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. அதுதான் அவனை வழியெல்லாம் அழவைத்தது என்றான் சுபாஷ். பக்கத்து வீடுகளிலும் ஆடு இல்லை என்றுதான் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர்களும் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களும் அந்தச் சனம்தானே.

அப்புறம் சந்தையில் தரகர் வைத்து ஆடு வாங்கினோம். எடை ஏறுவதற்காக உப்புத் தண்ணீர் குடிக்க வைத்த ஆடுகள், உரித்தால் பாதிதான் தேறும். விலையை ஏற்றாமல் முடியவில்லை, ஏற்றினால் ஆர்டர் வரவில்லை. சின்ன தேக்சாவை நிறுத்தி மிச்சம் பிடித்ததைப்போல எத்தனையோ மடங்கு வெளியே போனது. இதெல்லாம் நவுஷாத்துக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் அவன் எந்தக் கணக்கும் பேசி நான் கேட்கவில்லை. அவன் நினைத்து நினைத்து மருகியது ஆட்டுக்காக அல்ல என்று அப்சானா சொன்னாள். தூக்கத்தில்கூட இலை மடிக்கிறதுபோலக் கையை அசைக்கிறான் மாமி என்றாள்.

என் தம்பி அவனைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ரமலான் முடிந்ததும் நவுஷாத் மாமனார் முன்னால் வந்து நின்று, "நாங்க தனியா போறோம் மாமா" என்றான். அவன் அவரிடம் நேருக்கு நேர் பேசியது அந்த ஒரு பேச்சுதான். என் தம்பி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்துவான்" என்றான்.

இப்போது நவுஷாத் உளுந்தூர்பேட்டையில், மெட்ராஸ் ரோட்டோரம் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற ஒரு கடையில் பரிமாறுகிற வேலை செய்கிறான். அப்சானாவோடும் அதற்கப்புறம் பிறந்த பிள்ளையோடும் அங்கேயே வாடகைக்கு இருக்கிறான்.